கேள்வித்தாளும் புல்லுக்கட்டும்

சமூகவியல் படித்தவள் என்று சொன்னால், "அதெல்லாம் ஒரு அறிவியலா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆட்களிடம் பேசிவிட்டு வருவதுதானே என்பது அவர்கள் எண்ணம். கள ஆய்வாளராக வீடு வீடாக ஏறி இறங்கிய பிறகு, அறிவியல்தான் என்று அடித்துச் சொல்வேன்.

வழக்கம், சட்டம் போன்ற சமூக உண்மைகளைப் பொருள்களைப் பார்ப்பதுபோல் வெளியே நின்று பார்க்கச் சொன்னார் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம். தற்கொலை பற்றிய 1897-ஆம் ஆண்டு நூலில், ஐரோப்பியப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டே சமூகப் பிணைப்பின் பங்கைக் காட்டினார். ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரோ, செய்கிறவர் தன் செயலுக்குக் கொடுக்கும் அர்த்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றார். தேர்வில் இருவரையும் 'வேறுபடுத்துக' என்று எழுதியாயிற்று. களத்தில் அப்படிப் பிரிக்க முடியவில்லை.

ஒரு வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில், "வேலைக்குப் போறீங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்ல கண்ணு, வீட்டுலதான் இருக்கேன்" என்றார் அந்த அம்மா. கையில் அரிவாள், காலடியில் அப்போதுதான் இறக்கிய கோ-4 தீவனப் புல்லுக்கட்டு. கொட்டகையில் இரண்டு கறவை மாடு. விடியுமுன் சாணி அள்ளி, பால் கறந்து, சொசைட்டியில் ஊற்றிவிட்டு வந்திருந்தார். ஊற்றும் பாலைக் குறிக்கும் பால் அட்டை கணவர் பெயரில்.

சொன்னதை அப்படியே எழுதினால் படிவத்தில் அவருக்குக் குறியீடு 92: வீட்டு வேலை மட்டும். மாட்டைப் பார்ப்பது யார், பால் விற்பனைக்கா என்று மேலும் கேட்டால் 21: குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் உழைப்பவர். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே வேலை என்றால் கூலிக்குப் போவது. இது வேபர் சொன்ன இடம். ஆனால் இப்படிப் பதில் சொல்லும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் நாட்டின் உழைப்புக் கணக்கே மாறிவிடும். அதைக் காட்ட எண்ணிக்கை வேண்டும். அதே வரையறையோடு இன்னொருவர் போய்க் கேட்டு என் பதிவைத் திருத்தலாம் என்பதால்தான் இதை அறிவியல் என்கிறேன்.

2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு எனக்கு மிகவும் பிடித்தது. முந்தைய நாள் அதிகாலை 4 மணி தொடங்கி 24 மணி நேரத்தில் என்னென்ன செய்தீர்கள் என்று அரைமணி அரைமணியாகக் கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், ஆண்கள் 97.

சரி, பால் அட்டை ஏன் கணவர் பெயரில்? அதை எந்த நிமிடக் கணக்கும் சொல்லாது. பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். நாளுக்கு இத்தனை படிவம் என்று கெடு வைக்கும்போது முதலில் அடிபடுவது அந்தப் பேச்சுதான். வாசலில் நிற்கும் கணவரே மனைவிக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார், படிவம் நிரம்பிவிடும். கணக்கெடுப்பைத் திட்டமிடுகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான்: அந்தப் பெண்ணையே பார்த்துக் கேட்க, அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்வரை காத்திருக்க, எங்களுக்கு நேரம் கொடுங்கள்.