உடலியங்கியலின் முதல் அத்தியாயத்தை எப்படிப் படிப்பது?

மருத்துவம், செவிலியம், இயன்முறை மருத்துவம் ஆகிய படிப்புகளில் சேரும் மாணவர்கள் பலர், உடலியங்கியலின் பொருளையும் எல்லையையும் சொல்லும் முதல் அத்தியாயத்தை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு நேராக இரத்தத்துக்கோ நரம்புக்கோ போய்விடுகிறார்கள். களக்காடு, நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்தில் தமிழ் வழியில் பயின்று பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம், மற்ற அத்தியாயங்களை எந்தக் கேள்வியோடு அணுக வேண்டும் என்று கற்றுத்தரும் இடமே அதுதான் என்று நான் வற்புறுத்திச் சொல்வதுண்டு.

உறுப்பு எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று உடற்கூறியல் காட்டுகிறது. அது எப்படி வேலை செய்கிறது, அந்த வேலையை எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று உடலியங்கியல் கேட்கிறது. இக்கேள்விகளுக்கு அளந்துதான் விடை காண முடியும். ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், இதயம் ஒருமுறை சுருங்கும்போது வெளியேற்றும் இரத்தத்தை மிகக் குறைவாகவே மதிப்பிட்டு, அதைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் காட்டினார். உண்ணும் உணவிலிருந்து அவ்வளவு இரத்தம் புதிதாக ஊற வழியில்லை என்பதால், அது உடலுக்குள் சுற்றியே வர வேண்டும் என்று அவர் முடிவுகட்டினார். வரையறைக்குப் பக்கத்தில் இந்தக் கணக்கை எழுதினால் விடைக்கு வலு வந்துவிடும்.

அடுத்து, ஒரே ஒரு செயலை எடுத்துக்கொண்டு முழுவதும் பின்தொடருங்கள். கத்திரி வெயிலில் அம்பாசமுத்திரத்து வயலில் வேலை செய்பவருக்கு வியர்க்கிறது. 'உடல் சூடு தணிய வேண்டும் என்பதற்காக' என்று எழுதினால் பயனைச் சொன்னதாகுமே தவிர, நிகழும் விதத்தைச் சொன்னதாகாது. சூடேறிய இரத்தத்தை மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ் உணர்கிறது. நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகள் வியர்வைச் சுரப்பிகளைத் தூண்டுகின்றன. பரிவு நரம்பு முனைகள் பொதுவாக நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளை வெளியிடும்; இங்கே அதற்குப் பதில் அசிட்டைல்கோலின் வெளியாகிறது என்பது வாய்மொழித் தேர்வில் விரும்பிக் கேட்கப்படும் விதிவிலக்கு. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். பாளையங்கோட்டையின் வறண்ட காற்றில் அது சட்டென்று காய்கிறது. திருச்செந்தூர்க் கடற்கரையின் ஈரக்காற்றில் சொட்டிக்கொண்டே இருக்கும், குளிர்ச்சியோ குறைவு.

கதை தோலோடு முடிவதில்லை. நீர் குறைந்து இரத்தத்தின் அடர்வு ஏறும்போது தாகம் எடுக்கிறது, வாசோபிரசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்கிறது. ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் சோடியத்தைக் காக்கிறது. பல நாள் வெயிலில் பழகியவரின் வியர்வையில் உப்பு குறைவதும் இந்த ஹார்மோனால்தான். இழந்த உப்பை ஈடுசெய்யாமல் தண்ணீரை மட்டும் மிகுதியாகக் குடித்தால் இரத்தச் சோடியம் இயல்பான, லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் அளவுக்குக் கீழே இறங்கக்கூடும் என்பதால், உப்பிட்ட நீராகாரம் குடிக்கும் நம் வழக்கத்துக்கும் இந்தப் பாடத்தில் இடமுண்டு.

மூலக்கூறு, உயிரணு, உறுப்பு, மண்டலம், முழு உடல் என்று பாடநூல் அடுக்கும் படிநிலைகள் இந்த ஒரு வியர்வைக்குள்ளேயே வந்துவிட்டன. பிரெஞ்சு உடலியங்கியலாளர் கிளாட் பெர்னார்டு பேசிய உட்சூழலையும் (உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் திரவம்), அதன் நிலைகாப்புக்கு 1926இல் அமெரிக்க உடலியங்கியலாளர் வால்ட்டர் கேனன் சூட்டிய ஹோமியோஸ்டாசிஸ் என்ற பெயரையும் இங்கேயே பொருத்துங்கள். தாவர உடலியங்கியல், ஒப்பீட்டு உடலியங்கியல் போன்ற கிளைகளுக்கு மருத்துவ மாணவர் ஒரு வரிக்கு மேல் செலவிட வேண்டியதில்லை. நோய் உடலியங்கியலுக்கு மட்டும் கூடுதலாக இரண்டு வரி கொடுக்கலாம்.

விடைத்தாளில் உணர்வி, கட்டுப்பாட்டு மையம், செயலுறுப்பு என்ற மூன்றையும் அம்புக்குறிகளால் இணைத்து எதிர்ப் பின்னூட்டப் படம் ஒன்றை, அதாவது ஏற்பட்ட மாற்றத்தை எதிர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சுழற்சியை, வரையுங்கள். மாற்றத்தை மேலும் கூட்டும் நேர்ப் பின்னூட்டத்துக்கு எடுத்துக்காட்டு கேட்டால், பிரசவத்தின்போது கருப்பைக் கழுத்து விரிய விரிய, கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்ஸிடோசின் ஹார்மோன் மேலும் சுரப்பதையும், குழந்தை பிறந்ததும் அந்தச் சுழற்சி அறுபடுவதையும் சேர்த்தே சொல்லுங்கள்.