பரிசல் சுழல வேண்டும்: நண்பர்கள் சேர்ந்து கேம் செய்யும்போது

தருமபுரியில் மூன்று நண்பர்கள் வீடியோ கேம் செய்ய உட்கார்ந்தால் ஒகேனக்கல் பரிசல்தான் முதலில் நினைவுக்கு வரும். நல்ல யோசனை. ஆனால் மெனு, பாட்டு, மார்க் எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு வட்டத்தை நீலத் திரையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள். பரிசல் என்பது மூங்கில் பின்னிய வட்டக் கூடை. அதற்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது. ஒரு பக்கம் துடுப்புப் போட்டால் நகர்வதோடு சுழலவும் செய்யும். அந்தச் சுழற்சி வராவிட்டால் மிஞ்சுவது கார் கேம்தான்.

கேம் செய்யும் மென்பொருளான கோடோ 4-இல் பரிசலுக்கு ரிஜிட்பாடி2டி எடுங்கள்; விசை கொடுத்தால் நகர்ந்து சுழலும் பொருள் அது. மேலிருந்து பார்க்கும் கேம் என்பதால் கிராவிட்டி ஸ்கேல் (ஈர்ப்பின் அளவு) 0. மறந்தால் பரிசல் திரைக்குக் கீழே விழுந்துகொண்டே இருக்கும். துடுப்பின் விசையை விளிம்பில் கொடுக்க வேண்டும். விசை கொடுக்கும் கட்டளையான அப்ளை ஃபோர்ஸின் இரண்டாவது மதிப்பு, அதாவது விசை விழும் இடம், அதற்குத்தான். விசையைப் பரிசலோடு திருப்பிவிட்டு இந்த மதிப்பைத் திருப்ப மறந்தால், அரைச்சுற்று சுற்றியதும் அதே துடுப்பு எதிர்ப்பக்கம் சுழற்றும்.

பலரும் திணறுவது நீரோட்டத்தில். வேகத்தைக் கட்டுப்படுத்த, நகர்வைத் தானாகக் குறைக்கும் லீனியர் டேம்ப்பை ஏற்றுவார்கள். பரிசல் ஆற்றோடு போகாமல் நிற்கப் பார்க்கும். டேம்ப்புக்குத் தண்ணீர் ஓடுவதே தெரியாது. டேம்ப் மோடை ரீப்ளேஸ் ஆக்கி மதிப்பை 0 ஆக்குங்கள் (இல்லாவிட்டால் ப்ராஜெக்டில் முன்கூட்டியே இருக்கும் டேம்ப் மதிப்பான 0.1 கூடவே ஒட்டிக்கொள்ளும்). பிறகு ஒவ்வொரு ஃபிசிக்ஸ் ஃபிரேமிலும் (கோடோ நகர்வைக் கணக்கிடும் ஒவ்வொரு முறையும்) அந்த இடத்து நீரின் வேகத்திலிருந்து பரிசலின் வேகத்தைக் கழித்து, ஓர் எண்ணால் பெருக்கி, விசையாகக் கொடுங்கள். பாறை இடுக்கில் நீரின் வேகத்தைக் கூட்டினால் போதும், பரிசல் தானாக இழுபடும். இந்த ஓர் எண்ணைச் சரிசெய்ய ஒரு வாரம் போனாலும் தகும்.

வேலையைப் பிரிக்கும்போது ஆறு, பரிசல், மெனு மூன்றும் தனித்தனி சீன் (கேமின் ஒரு பகுதியை வைத்திருக்கும் ஃபைல்). ஒரு சீனை ஒருவர்தான் தொட வேண்டும். இருவர் ஒரே சீனை மாற்றி, எல்லோரின் மாற்றங்களையும் சேர்த்து வைக்கும் கிட்டில் (Git) ஏற்றினால், இரண்டு மாற்றமும் மோதி கான்ஃப்ளிக்ட் வந்து யாரோ ஒருவரின் உழைப்பு போகும்.

பரிசல் ஓட்டி பேசும் வசனத்தை எழுத்தெழுத்தாகக் காட்டும்போது கவனம். ‘தமிழ்’ நமக்கு 3 எழுத்து, கணினிக்கு 5 குறியீடு. அப்படியே விட்டால் ‘கொ’ வரும் இடத்தில் முதலில் ‘க’ தெரிந்து, பிறகு கொம்பு முன்னால் குதிக்கும். வசனத்தைக் காட்டும் லேபிளின் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியரை ‘ஆஃப்டர் ஷேப்பிங்’ (எழுத்து வடிவம் கூடிய பிறகு) என்று மாற்றி, கொம்பெழுத்து நிறைந்த ஒரு வரியைப் போனிலேயே ஓட்டிப் பாருங்கள்.