புது செயின்சாவும் தலைகீழாகப் போட்ட செயினும்

"எல்லாம் செட் பண்ணியாச்சு, பெட்ரோல் ஊற்றி இழுத்தால் போதும்" என்றுதான் கடையில் மரம் அறுக்கும் செயின்சாவைச் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நம்பி கையேட்டைப் பிரிக்காமலே விட்டேன். இரண்டு விடுமுறை நாள் போச்சு.

எரிபொருள் கலப்பதில் சிக்கல் இல்லை. என் மாடலுக்கு 50-க்கு 1, அதாவது லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். கண் மதிப்பில் ஊற்றாதீர்கள், சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். ஆயில் குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

ஸ்டார்ட் செய்வதில்தான் முதல் அடி. குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டுவிட்டு இழுத்தேன். நாலாவது இழுப்பில் 'டுப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். எஞ்சின் சொல்ல வேண்டியதை அதிலேயே சொல்லிவிட்டது: சோக்கைப் பாதிக்குக் குறை. எனக்குப் புரியவில்லை. முழு சோக்கிலேயே இன்னும் முப்பது தடவை இழுத்தேன். தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். பெட்ரோல் வாடை குப்பென்று வந்த பிறகுதான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன், சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அதைத் துடைத்துக் காய வைத்து, சுவிட்சை அணைத்து, சோக்கையும் எடுத்துவிட்டு, பிளக் இல்லாமலே பத்துத் தடவை இழுத்தேன். உள்ளே தேங்கியிருந்த பெட்ரோல் ஆவியாகப் பீய்ச்சியடித்தது. முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். பிளக்கைத் திரும்பப் பூட்டி இழுத்தால் மூன்றாவதிலேயே உறுமியது. 'டுப்' கேட்டதும் சோக்கைப் பாதிக்குக் கொண்டுவந்திருந்தால் இத்தனை பாடு இல்லை.

இழுக்கும்போது மிஷின் தரையில் இருக்கட்டும். செயின் பிரேக் போட்டிருக்க வேண்டும், பின் கைப்பிடிக்குள் வலது பாதம், முன் கைப்பிடியில் இடது கை. அந்தரத்தில் தொங்கவிட்டு இழுக்கும் வித்தையெல்லாம் வேண்டாம்.

அடுத்தது செயின். புதுச் செயின் நீளும், அதுவும் முதல் கால் மணி நேரத்திலேயே. என்னுடையது, அது சுற்றி ஓடும் நீளத் தகடான பாருக்குக் கீழே தொட்டில் மாதிரி தொங்கியதைப் பார்த்தும் 'இந்தக் கட்டை முடியட்டும்' என்று ஓட்டினேன். கழன்று விழுந்தது. எடுத்து மாட்டினேன். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அறுக்கவில்லை. புகைதான் வந்தது, கட்டை கருகியது. மொட்டைச் செயினைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கொதித்துப்போய், மிஷினைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கே கிளம்பிவிட்டேன். கடையிலிருந்த பையன் ஒரு நிமிடம் பார்த்தான். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நட்டைக் கழற்றி, செயினைத் திருப்பிப் போட்டு, கையில் கொடுத்தான். அவன் இரண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

பாரின் மேல்பக்கத்தில் பற்களின் வெட்டும் முனை முன்னோக்கி, பாரின் நுனியான மூக்கைப் பார்த்து இருக்க வேண்டும். மாட்டிய பிறகு மூக்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடியே நட்டை முறுக்குங்கள். செயின் பாரின் அடிப்பகுதியை ஒட்டியிருக்க வேண்டும், கையுறை போட்ட கையால் இழுத்தால் தடையில்லாமல் ஓடவும் வேண்டும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள். சூட்டில் நீண்டிருக்கும்போது இறுக்கிய செயின், ஆறியதும் சுருங்கிப் பாரை நெரிக்கும்.

எஞ்சினைப் பழக்கும் விஷயத்தில் கையேடு சொன்னது ஒன்றுதான்: முதல் மூன்று டேங்க் வரை வெறுமனே முழு ரேஸ் கொடுக்காதே. வெட்டும்போது கொடுக்கலாம். அந்தச் சத்தத்தைக் கேட்க விரல் துறுதுறுத்தது, அடக்கிக்கொண்டேன்.

இரண்டாவது டேங்கில் உயிரே போய் வந்தது. நான் அறுத்துக்கொண்டிருந்த கட்டைக்குப் பின்னால் இன்னொன்று கிடந்ததைக் கவனிக்கவில்லை. பார் மூக்கின் மேல் கால்பகுதி அதில் பட்டதும், கண் இமைப்பதற்குள் மொத்த மிஷினும் என் முகத்தை நோக்கி எகிறியது. இடது மணிக்கட்டு, முன் கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் காப்பில் இடித்து செயின் பிரேக் விழ, செயின் நின்றது. கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி வளைத்திருந்ததால்தான் மிஷின் பிடியிலேயே இருந்தது. அணைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இப்போதெல்லாம் மூக்குக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று பார்க்காமல் விசையைத் தொடுவதில்லை.

மூன்றாவது டேங்க் முடியும்போது சீவல் போய் மாவு மாதிரி தூள் வர ஆரம்பித்தது. முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம். என் செயினுக்கு 4 மில்லிமீட்டர் வட்ட அரம். 30 டிகிரிக் கோணத்தில், உள்ளிருந்து வெளியே, பல்லுக்கு மூன்று தள்ளு. வலது கை வாகுக்கு ஒரு பக்கம் கூடுதலாகத் தீட்டிவிட்டேன் போல, வெட்டு வாழைப்பழம் மாதிரி வளைந்து போனது. மறுபக்கப் பற்களையும் அதே நீளத்துக்குக் கொண்டுவந்த பிறகு நேராக இறங்கியது. அழுத்தவே தேவையில்லை, மிஷின் தன் எடையிலேயே உள்ளே போனது. கால்சட்டை மடிப்பெல்லாம் தடித்தடியான சீவல். உதறாமல் அப்படியே வீட்டுக்குள் போய், அதற்கும் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.