மைதானம் யாருக்கு, எந்த நேரத்தில்?

விளையாட்டில் பெண்களுக்குச் சமத்துவம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் பரிசுத்தொகையில்தான் வந்து நிற்கிறார்கள். அது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் தடகளப் பயிற்சியாளராக வேலை பார்க்கிற எனக்கு எந்த மையத்துக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கும் நேர அட்டவணை. மைதானம் யாருக்கு, எந்த நேரத்தில் என்று அதில் எழுதியிருக்குமே, பாதி விஷயம் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு மையத்தில் காலையும் மாலையும் ஆண்கள் அணிக்கு, பிற்பகல் பெண்களுக்கு. வெயிலில் செயற்கை ஓடுதளம் எப்படிக் கொதிக்கும் என்பது அதில் கையை ஊன்றி ஸ்டார்ட் எடுத்தவர்களுக்குத்தான் தெரியும். ஏன் இப்படி என்று கேட்டால், "இருட்டுறதுக்குள்ள பொண்ணுங்க வீடு போய்ச் சேரணும் மேடம், அவங்க நல்லதுக்குத்தான்" என்றார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். ஆனால் மாலையில் வெளிச்சம் போதவில்லை என்றால் விளக்கு போட வேண்டும், துணைக்கு ஆள் நிறுத்த வேண்டும். அதை விட்டுவிட்டு பிள்ளைகளைக் கொண்டுபோய் உச்சி வெயிலில் நிறுத்துவது என்ன பாதுகாப்பு?

அந்தப் பிற்பகல் நேரமாவது முழுசாகக் கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை. தடை ஓட்டத்தில் ஆண்கள் தாண்டும் தடை 106.7 சென்டிமீட்டர் உயரம், பெண்களுக்கு 84. ஒரு தடைக்கும் அடுத்ததற்குமான இடைவெளியும் வேறு. காலையில் ஆண்கள் வைத்துவிட்டுப் போன தடைகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி, டேப் பிடித்து நகர்த்தி வைத்து, பயிற்சி முடிந்ததும் திரும்ப ஏற்றி வைத்துவிட்டுத்தான் பெண்கள் கிளம்ப வேண்டும். ஈட்டியும் அப்படித்தான். ஸ்டோரில் 800 கிராம் ஈட்டிகள் வரிசையாக அடுக்கியிருக்கும், பெண்களுக்கான 600 கிராம் ஈட்டி ஒன்றே ஒன்று. ஒருத்தி எறிந்துவிட்டு ஓடிப்போய் எடுத்துவந்து அடுத்தவள் கையில் கொடுக்கும்வரை மற்றவர்கள் நிற்பார்கள். பையன்கள் ஒரு பயிற்சியில் எறிகிற எண்ணிக்கையில் இவர்களுக்குப் பாதிகூட வராது. கழிப்பறைக்கும் இதே கதை. பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது, சாவி வேறொருவரிடம், மாதவிடாய் நாட்களில் அங்கே போய்வருவதற்குள் வார்ம்-அப் செய்த உடம்பு ஆறிப்போயிருக்கும்.

அப்புறம் வருடக் கடைசியில் கூட்டம் போட்டு, "பசங்கதானே பதக்கம் வாங்குறாங்க, அவங்களுக்குத்தானே நேரம் கொடுக்க முடியும்?" என்பார்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். நேரத்தையும் கருவியையும் குறைத்துக் கொடுத்துவிட்டு, குறைந்துபோன பலனைக் காட்டி இன்னும் குறைப்பதற்குப் பெயர் திறமைக்கு மதிப்பு கொடுப்பதா?

இது ஒரு மையத்தின் கதை மட்டும் இல்லை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனை நேரத்தில் தங்கம் வென்றார். ஆனால் ஓடி முடித்தவர்கள் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் மிகைப்படுத்தி எழுத, பெண் உடம்பு இதைத் தாங்காது என்று முடிவு கட்டி அந்த ஓட்டத்தையே அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டார்கள். திரும்ப வந்தது 1960 ரோமில். மாரத்தானுக்கு 1984 வரை, தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸுக்கு 2008 வரை காத்திருந்தார்கள். நடுவில் வந்துபோன எத்தனையோ பெண்களுக்குத் தங்களால் எவ்வளவு தூரம் ஓட முடியும் என்று ஒலிம்பிக்கில் காட்டிப் பார்க்கும் வாய்ப்பே இல்லாமல் போனது.

பணத்துக்கும் இது பொருந்தும். 2022-இல் இந்திய கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே போட்டிக் கட்டணம் என்று அறிவித்தது. மனசார வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் கட்டணம் என்பது ஆடுகிற போட்டிக்குத்தானே? 1999 முதல் 2022 வரை சர்வதேசக் கிரிக்கெட் ஆடிய மிதாலி ராஜுக்குக் கிடைத்தது மொத்தம் 12 டெஸ்ட். சச்சின் டெண்டுல்கர் 24 ஆண்டுகளில் ஆடியது 200. போட்டியே வைக்காவிட்டால் சமக் கட்டணத்தை எதற்கு வாங்குவது?

டென்னிஸின் மிகப் பெரிய போட்டிகளான நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் 2007-இலிருந்தே பரிசு சமம். 1973-இல் அமெரிக்க ஓப்பன் சமமாகக் கொடுக்கத் தொடங்கியதற்குப் பின்னால் வீராங்கனை பில்லி ஜீன் கிங்கின் போராட்டம் இருக்கிறது. ஆனால் பிரெஞ்சு ஓப்பனில் அதிகம் பேர் பார்க்கும் இரவு ஆட்டத்தில் 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் பெண்கள் ஆட்டம் ஒன்றுகூட வைக்கவில்லை. நல்ல நேரத்தில் ஆட விடாமல், பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று சொல்வது என்ன நியாயம்? அதே பாரிஸில் 2024 ஒலிம்பிக்கின் கடைசி நாளன்று, வழக்கமாக ஆண்கள் மாரத்தான் நடக்கும் இடத்தில் பெண்கள் மாரத்தானை வைத்தார்கள். வழக்கத்தை மாற்ற முடியும், மாற்ற மனசு வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மையத்தில் நான் கேட்டதும் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வாரம் பெண்களுக்குக் காலை, அடுத்த வாரம் ஆண்களுக்கு, அப்படியே மாற்றி மாற்றி. கூடவே 600 கிராம் ஈட்டிகள், தடைகளுக்குத் தனி செட். உடனே நடக்கவில்லை. பெற்றோர்கள் வந்து பேசிய பிறகுதான் நடந்தது. காலை நேரம் கிடைத்த முதல் வாரம் ஈட்டி எறிகிற ஒரு பிள்ளை, "மேடம், இன்னைக்கு கை வலிக்குது" என்று சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். வலிக்கிற அளவுக்கு எறிய அன்றைக்குத்தான் அவளுக்கு வாய்த்தது. ஆண்கள் அணியிலும் யாருடைய ஓட்ட நேரமும் மோசமாகிவிடவில்லை. பிற்பகல் வெயிலை அவர்களும் அனுபவித்த பிறகு, அந்த நேரத்தில் கூடாரம் போடச் சொல்லிக் கேட்டவர்களே அவர்கள்தான்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் பயிற்சி நேரம் பரவாயில்லை, போட்டி நாள்தான் பிரச்சினை. நான்கு பேர் ஆளுக்கு 400 மீட்டர் ஓடும் 4x400 தொடர் ஓட்டத்தில் ஆண்கள் பந்தயம்தான் எப்போதும் கடைசி. விருந்தினர்களும் கேமராக்காரர்களும் அந்த நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள். அடுத்த போட்டியிலிருந்து ஒரு வருடம் பெண்கள் ஓட்டம் கடைசி, மறுவருடம் ஆண்கள் ஓட்டம் கடைசி என்று வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது. அட்டவணை அச்சுக்குப் போகும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.