ஒப்பீட்டு அரசியல் தாளுக்கு ஒரு குரோஷிய எம்.பி.யைப் பிடித்துப் படித்த அனுபவம்

எம்.ஏ. அரசியல் அறிவியலில் ஒப்பீட்டு அரசியல் என்றால் பலரும் பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்காவோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் குரோஷியாவையும் சேர்த்துக்கொண்டேன். ஆனால் அரசியலமைப்புத் திருத்தங்களை வரிசையாகப் படித்தால் மண்டையில் நிற்கவே இல்லை. அப்புறம் விளாடிமிர் ஷெக்ஸ் என்ற ஒரே ஆளின் அரசியல் வாழ்க்கையை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

1943இல் ஓசியெக் நகரில் பிறந்த சட்டம் படித்தவர். யுகோஸ்லாவிய ஆட்சியில் அரசியல் காரணத்துக்காகச் சிறை சென்றவர். 1990 முதல் 2015 வரை சாபோரில், அதாவது நாடாளுமன்றத்தில், இருந்தார். அவர் நுழைந்தபோது சாபோருக்கு மூன்று அவைகள்; சோஷலிச காலத்து ஏற்பாடு அது. 1990 டிசம்பர் 22இல் வந்த புதிய அரசியலமைப்பை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அது அவைகளை இரண்டாக்கி, பிரான்ஸ் பாணியில் பலமான அதிபரைக் கொண்டுவந்தது.

அடுத்த கட்டத்தை நிதானமாகப் படியுங்கள். 1999 டிசம்பரில் அதிபர் துஜ்மன் இறந்தார். 2000 ஜனவரித் தேர்தலில் அவரும் ஷெக்ஸும் இருந்த கட்சி தோற்று, ஷெக்ஸ் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனார். அந்த நவம்பரிலேயே புதிய கூட்டணி அதிபரின் அதிகாரத்தைக் குறைத்து, அரசாங்கம் சாபோருக்கு மட்டுமே பொறுப்பு என்றாக்கியது. 2001இல் மேலவையும் போனது. 2003 கடைசியில் கட்சி மீண்டும் ஜெயித்ததும், இப்படி மாறிப்போன சாபோருக்கு சபாநாயகரானவர் இதே ஷெக்ஸ்தான்! 2008 ஜனவரி வரை அந்தப் பதவியில் இருந்தார். அரை அதிபர் முறையிலிருந்து (பலமான அதிபரும் நாடாளுமன்றத்துக்குப் பொறுப்பான அரசாங்கமும் சேர்ந்த முறை) நாடாளுமன்ற முறைக்கு மாறுவது பற்றிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் விடைத்தாளில் இவர் கதையை எழுதிக்கொண்டிருக்காதீர்கள். கேள்வி அமைப்பைப் பற்றியது. இவரைப் பற்றி ஒரு வரி போதும். ஆண்டுகளை நினைவில் வைக்கத்தான் அவர்.

தேர்தல் முறைக்கு இவர் வாழ்க்கை அவ்வளவாக உதவாது, அதைத் தனியாகப் படிக்க வேண்டும். 10 தொகுதிகள், தலா 14 பேர், வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறை, இடம் பெறக் குறைந்தது 5 சதவீத வாக்கு என்ற வரம்பு. வெளிநாடு வாழ் குரோஷியர்களுக்கு 3, சிறுபான்மையினருக்கு 8, ஆக 151 இடங்கள். சிறுபான்மை இடங்கள் பற்றிக் கேட்டால், 1992 முதல் பல தேர்தல்களில் இத்தாலிய சிறுபான்மையின் பிரதிநிதியாக வென்ற ஃபூரியோ ராடினைப் படியுங்கள்.