டி செல் ஏற்பியைப் பைத்தானில் ஓட்டிப் பார்த்தேன்

டி செல் என்பது நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகை; அதற்காகப் பைத்தான் நிரல்மொழியில் நான் எழுதிய கணினி மாடல் ஒருவழியாக உருப்படியாக ஓடுகிறது. நான் பிடிக்க நினைத்தது ஒரே ஒரு விஷயம். டி செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி என்ற புரதம் வைரஸ் பெப்டைடையும் (சின்னப் புரதத் துண்டு) தொடும், நம் உடலின் சொந்தப் பெப்டைடையும் தொடும். முக்கிய வித்தியாசம், எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான். அதை வைத்துச் செல் எப்படி முடிவெடுக்கிறது?

புரத உற்பத்தியில் பிழை குறைவதற்கு ஹாப்ஃபீல்டு 1974இல் சொன்ன யோசனையை, மெக்கீதன் 1995இல் டி செல்லுக்குப் பொருத்தினார். ஒட்டியதும் சிக்னல் கிளம்பாது. ஏற்பிக்கென்று சொந்த நொதி கிடையாது; கூடவே இருக்கும் சிடி3 என்ற புரதங்களின் வால்களில் எல்சிகே என்ற நொதி பாஸ்பேட் ஏற்ற வேண்டும், அங்கே ஸாப்-70 என்ற இன்னொரு நொதி வந்து உட்கார வேண்டும், அது லாட் புரதத்தில் பாஸ்பேட் ஏற்ற வேண்டும். நடுவில் பெப்டைடு கழன்றால் எல்லாம் முதலிலிருந்து.

நிரல் சின்னதுதான். ஒவ்வொரு படியிலும் இரண்டு ரேண்டம் நேரங்கள்: கழல ஒன்று, அடுத்த படிக்கு ஒன்று. எது முந்துகிறதோ அது நடக்கும். வைரஸ் பெப்டைடுக்குச் சராசரி 10 விநாடி, சொந்தப் பெப்டைடுக்கு 1 விநாடி, ஒரு படிக்கு 1 விநாடி என்று வைத்தேன் (கணக்குக்கு வசதியான எண்கள், அளந்தவை அல்ல).

ஒரே படி என்றால் வைரஸ் பெப்டைடு 91% தடவை, சொந்தப் பெப்டைடு 50% தடவை கழலாமல் கடைசிவரை தாண்டுகிறது. இதை நம்பி எந்தச் செல்லையும் கொல்ல முடியாது. 5 படிகளில் 62%, 3%. 10 படிகளில் 39%, வெறும் 0.1%, கிட்டத்தட்ட 395 மடங்கு வித்தியாசம். ஆனால் உண்மையான எதிரியிலும் பாதிக்கு மேல் கைநழுவிப் போகிறது.

அப்புறம் அந்த 10 படிகளை எடுத்துவிட்டு, 10 விநாடி பிடிக்கும் ஒரே மெதுவான படியை வைத்தேன். காத்திருக்கும் நேரம் அதேதான். வைரஸ் 50%, சொந்தம் 9%. ஐந்தரை மடங்குதான்! காத்திருப்பதைவிட, அதைத் துண்டு துண்டாகப் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஆனாலும் லாட் புரதத்தில் 132ஆம் இடத்தில் இருக்கும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறுவது நிஜமாகவே மெதுவான படி. பக்கத்து அமினோ அமிலமான கிளைசினை மாற்றி அதை வேகப்படுத்தினால், டி செல் பலவீனமான பெப்டைடுக்கும் கிளம்பிவிடும் என்று 2019இல் காட்டியிருக்கிறார்கள். அடுத்து, வேகமான படிகளுக்குப் பின்னால் அந்த மெதுவான படியையும் சேர்த்து ஓட்டப் போகிறேன்.