கதவைச் சாத்திவிட்டுக் கத்தியவர்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோர் (தொழிற்சாலை) காரியாலயத்தில் ஆறு வருசமாக வேலை செய்கிறேன். ஸ்டோருக்குள் எல்லோரும் சத்தமாகத்தான் பேசுவோம். கொழுந்து சுருட்டும் ரோலர் ஓடும்போது பக்கத்தில் நிற்பவருக்கே கத்தினால்தான் கேட்கும். அதனால் மலையில் கொழுந்து பறிப்பதை மேற்பார்க்கும் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தபோது, "அவர் குரலே அப்படித்தான் மிஸ்" என்று மற்றவர்கள் சொன்னதைக் கொஞ்ச நாள் நானும் நம்பினேன். ஆனால் அவர் கத்தியது ரோலர் பக்கத்தில் இல்லை. காரியாலயத்துக்குள், கதவைச் சாத்திவிட்டு.

சண்டைக்கு மூலம் எடை. மலையில் நிறுத்த எடையும் ஸ்டோரில் நிறுக்கும் எடையும் லேசில் ஒத்துவராது. லொறி வந்து சேர்வதற்குள் கொழுந்தின் ஈரம் காய்ந்து எடை இறங்கும். மழை நாளில் தண்ணீருக்கென்று கழிக்கவும் வேண்டும். 2021ல் நாள் சம்பளம் 1000 ரூபாய் ஆன பிறகு பல தோட்டங்களில் ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோவை இறுக்கினார்கள். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். மலையில் பெண்கள் அவரிடம் நியாயம் கேட்பார்கள், தோட்ட மேலாளரான துரை அவரை ஏசுவார், அவர் நேராக என்னிடம் வருவார். அவருடைய நெருக்கடி எனக்குத் தெரியும். அதற்காக என் மேசையில் அடிக்க அவருக்கு உரிமை கிடையாது. இரண்டு பேரும் ஒரே தரத்தில்தான் வேலை செய்கிறோம்.

சாதாரண நாளில் "தங்கச்சி" என்பார். கோபம் வந்தால் "ஏய்". ஒருநாள் அவர் மேசையில் அடித்ததில் என் பிளேன்டீ சிந்தி, பாதி எழுதியிருந்த லெட்ஜர் பக்கத்தில் பரவியது. எடைத் துண்டைக் கசக்கி என் முன்னால் எறிந்துவிட்டு, "பின்னேரம் நீ எந்தப் பாதையில குவாட்டர்ஸுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும்" என்றார். அதற்குப் பிறகு அன்று எனக்குக் கையெழுத்தே வரவில்லை.

அன்று இரவே ஒரு கொப்பி எடுத்தேன். திகதி, நேரம், யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை. "கேவலமாக ஏசினார்" என்று எழுதவில்லை. என்ன சொன்னாரோ அதை, எழுதக் கூசிய வார்த்தை உட்பட, அப்படியே எழுதினேன். மூன்று கிழமையில் ஏழு பதிவு.

அப்புறம் அவரிடமே சொன்னேன்: "அண்ணே, எடையைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசலாம். சத்தம் போட்டா நான் எழுந்து போயிருவேன்." அடுத்த தடவையும் கத்தினார். எழுந்து, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நின்ற இடத்தில் போய் நின்றேன். பின்னாலேயே வந்தவர் ஐயாவைக் கண்டதும் திரும்பிவிட்டார். அப்போதுதான் எனக்கு உறுதியானது, அவரால் குரலை அடக்க முடியும்.

எங்கள் மலைகளில் சத்தம் போடுபவரைத்தான் "வேலை வாங்கத் தெரிஞ்ச ஆள்" என்பார்கள். என் அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டே கொழுந்து பறித்தவர். நானும் அதைக் கேட்டுக்கொண்டே ஓய்வு பெற வேண்டுமா என்ற எண்ணம்தான் என்னை ஹட்டனுக்கு பஸ் ஏற்றியது. தொழிற்சங்கக் காரியாலயத்தில் கொப்பி முழுவதையும் படித்தார்கள். பாதையைச் சொல்லி மிரட்டுவது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, தண்டனைச் சட்டக்கோவையின் 486ஆம் பிரிவுக்குள் வரக்கூடியது, மறுபடி நடந்தால் பொலிஸில் முறைப்பாடு வையுங்கள் என்றார்கள். வேலைத்தல வன்முறை, துன்புறுத்தலுக்கு எதிராகச் சர்வதேச தொழில் அமைப்பு 2019ல் 190ஆம் இலக்கச் சமவாயம் என்று ஒன்றையே கொண்டுவந்திருப்பதும் அங்கேதான் தெரிந்தது. எனக்கு நடந்ததற்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பதே பெரிய தெம்பு.

துரைக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், சங்கத்துக்குப் பிரதி. இரண்டு பேரையும் கூப்பிட்டார். "சரி, கை குடுத்து முடிங்க" என்றார். நான் கொடுக்கவில்லை. "கை குடுக்கிறது பிறகு சேர். எடைத் துண்டில் லொறியோடு வருபவரும் நானும் அந்த இடத்திலேயே கையெழுத்து வைக்க வேண்டும், கழிவு எவ்வளவு என்றும் அதிலேயே எழுத வேண்டும். தகராறு வந்தால் டீமேக்கர் முன்னால், கதவு திறந்திருக்கப் பேச வேண்டும்" என்றேன். உத்தியோகத்தர், தான் அப்படியெல்லாம் பேசவே இல்லை என்றார். கொப்பியைத் திறந்து ஒரே ஒரு பதிவை, திகதியோடு வாசித்தேன். பாதி வாசிக்கும்போதே, "கோபத்தில வந்த வார்த்தை சேர்" என்றார். எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்கள். துண்டில் கையெழுத்து மறுநாளே தொடங்கியது.

இரண்டு மாதம் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த நாட்கள் லேசானவை அல்ல. சிலர் எனக்கு வணக்கம் சொல்வதையும் நிறுத்தினார்கள்.

போன கிழமை நல்ல மழை. 38 கிலோ குறைந்தது. அவர் வந்து கதவுக்கு வெளியே நின்று, "மிஸ், துண்டைக் கொஞ்சம் பாக்கலாமா" என்றார். தங்கச்சி என்று இப்போது கூப்பிடுவதில்லை, நானும் எதிர்பார்ப்பதில்லை. இரண்டு பேரும் தராசடிக்குப் போய் நாலு சாக்கைத் திரும்ப நிறுத்தோம்.